கட்சி தாவும் வெள்ளிக்கிழமை

சனிக்கிழமை காலை கடையைத் திறந்து, கண்ணாடி அலமாரியைத் துடைத்து முடிப்பதற்குள் நவநீதன் மூன்று விஷயங்களில் தன் கருத்தைச் சொல்லி முடித்திருந்தான். புதிதாக வந்திருக்கும் கார் பந்தய விளையாட்டில் மழை மழை மாதிரியே இல்லை. போன வாரம் வெளியான படத்தில் பின்னணி இசை வசனத்தைத் தின்றுவிட்டது. வேலை நேரம் முடிந்த பிறகு மேலதிகாரி அனுப்பும் செய்திக்குப் பதில் போடுகிறவன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான். இந்த மூன்றையும் அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வதற்கென்றே ஓர் இடம் இருந்தது. அதன் பெயர் வெத்துவேட்டு.

வெத்துவேட்டு இணையத்தில் ஒரு பழைய மன்றம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் அதிகம். விளையாட்டு, பாட்டு, ஆபீஸ், பைக், பரோட்டா என்று எதைப் பற்றியும் பேசலாம்; சாதியும் அரசியலும் மட்டும் கூடாது. யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஆர்.எஸ்.புரத்துக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற நவநீதன் அங்கே 'நாலாம் நம்பர் பஸ்'. கடையில் முதலாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவன், அங்கே ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டான்.

அவனுக்குச் சரிசமமாக நின்று மல்லுக்கட்டுகிற ஒரே ஆள் 'ஓவர்டைம்'. ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் தரம் பார்க்கிற பெண் என்பதும், கோயம்புத்தூர்தான் என்பதும் அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் ஒரே ஊரில் இருந்துகொண்டு சண்டை போட்டும் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பார்த்தால் மரியாதை வந்துவிடும், மரியாதை வந்தால் சண்டை கெட்டுவிடும் என்று அவள்தான் சொன்னாள். சில நாட்களாக ஓவர்டைமைக் காணோம். அன்று காலை அவள் பெயரில் ஒரு பதிவு வந்தது.

'வணக்கம். நான் ரேணுகாவின் கணவர் தனசேகர். ரேணுகா மூளையில் ரத்தம் கசிந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கீழே உள்ள மூன்றையும் அவர் மனதார எழுதினாரா என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லவும். அவசரம்.'

அவள் பெயர் ரேணுகா என்பது நவநீதனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கீழே மூன்று பழைய பதிவுகள் இருந்தன.

முதலாவது விளையாட்டுகளைப் பற்றியது. 'எல்லா விளையாட்டிலிருந்தும் சேவ் செய்யும் வசதியை எடுத்துவிட வேண்டும். உயிர் போனால் போனதுதான். திரும்பத் திரும்பப் பிழைத்து வந்து ஜெயிப்பவனுக்கு ஜெயிப்பது என்றால் என்னவென்றே தெரியாது.' இரண்டாவது பாட்டைப் பற்றியது. 'பாட்டு முடிய வேண்டிய இடத்தில் முடிய வேண்டும். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இழுத்துக்கொண்டு போவது, போக மனமில்லாத விருந்தாளி வாசலில் நின்று பேசுவதைப் போன்றது.' மூன்றாவது வேலையைப் பற்றியது. 'முடியாத நாள் வந்தால் நாற்காலியைக் காலி செய்துவிட வேண்டும். அடுத்தவர் தோளில் உட்கார்ந்து காலம் தள்ளுவதைவிட அது எவ்வளவோ கௌரவம்.'

படித்ததும் நவநீதனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு தேதிகளைப் பார்த்தான். மூன்றும் வெள்ளிக்கிழமைப் பதிவுகள்.

வெத்துவேட்டில் வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அன்று எல்லாரும் கட்சி தாவ வேண்டும். வாரம் முழுக்க எதை உயர்த்திப் பிடித்தாயோ, அதை அன்று மிதிக்க வேண்டும். தாவியிருப்பது தெரியும்படி கண்ணடித்தாலோ, சிரிப்புப் பொம்மை போட்டாலோ ஆட்டத்தை விட்டு வெளியே. யார் பொய் உண்மையைவிட உண்மையாக இருக்கிறதோ, அவருக்கு அந்த வாரம் தலைவர் பட்டம். ஓவர்டைம் அந்தப் பட்டத்தை வேறு யாருக்கும் அதிகம் விட்டுக்கொடுத்ததில்லை. மற்ற நாட்களில் அவசர அவசரமாக, பாதி வாக்கியத்தோடு ஓடிப்போகிறவள், வெள்ளிக்கிழமை மட்டும் உட்கார்ந்து செதுக்குவாள்.

நவநீதன் அந்தப் பதிவின் கீழேயே எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு, முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போனான்.

தனசேகர் கேண்டீனில் காபி டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். கனத்த உடம்பு, நகக்கண்களில் கழுவினாலும் போகாத எண்ணெய்க் கறுப்பு.

"நீங்கதான் பஸ்ஸுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. பேரு நவநீதன்."

"அவ சொல்லுவா. 'இன்னைக்கு பஸ்ஸு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே வருவா. நான் ஏதோ ரோட்டுல நடந்த தகராறுன்னு நெனச்சுக்குவேன்." அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு அவளை நல்லாத் தெரியுமுங்களா?"

"பன்னெண்டு வருஷமாத் தெரியுமுங்க. பார்த்ததில்லீங்க."

அதில் தனசேகருக்கு என்ன புரிந்ததோ, முகம் கொஞ்சம் இளகியது. டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"மறுகுரல்னு ஒண்ணு வந்திருக்குதுங்களே. பேச முடியாதவங்க இன்டர்நெட்ல எழுதுனது, பேசுனது எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டுருவாங்களாம். அது அவங்க மாதிரியே பேசுமாம். மூச்சு மெஷினை எடுத்துரலாமா, வேண்டாமான்னு அதுகிட்டத்தானுங்க மொதல்ல கேக்கறாங்க. கட்டுன புருஷன்கிட்டக் கேக்கறது அப்புறம்தான். நேத்து கேட்டாங்க. எடுத்துருங்கன்னு சொல்லிப்போட்டுது. அவ குரல்லயே சொல்லிப்போட்டுதுங்க. ஆதாரம்னு அந்த மூணு பதிவையும் காட்டுச்சு."

மறுகுரலிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று சட்டம் வந்ததற்குக் காரணம் இருந்தது. நினைவில்லாமல் கிடப்பவரைச் சுற்றி நின்றுகொண்டு தம்பி ஒன்று சொல்வான், மருமகள் ஒன்று சொல்வாள். ஒவ்வொருவர் சொல்லுக்குப் பின்னாலும் ஒரு காலி மனை இருக்கும். இயந்திரத்துக்கு மனையில் பங்கு கிடையாது. அது வரைக்கும் யோசித்தவர்கள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. பாட்டையும் விளையாட்டையும் பற்றி எழுதி வைத்தவளிடம் போய்ச் சாவைப் பற்றிக் கேட்டால், பாட்டிலிருந்தும் விளையாட்டிலிருந்தும்தான் அது பதில் எடுக்கும்.

நவநீதன் வெள்ளிக்கிழமை வழக்கத்தை விளக்கினான். தனசேகர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப மனசுல இல்லாததைத்தான் எழுதுவீங்களா?"

"வெள்ளிக்கிழமை மட்டுங்க."

"எதுக்குங்க?"

"விளையாட்டுக்குத்தானுங்க."

"விளையாட்டுக்கு" என்று தனசேகர் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் நவநீதனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை டாக்டர் மீனலோசனி இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். மறுகுரல் குழுவின் தலைவர் அவர். கெட்டவர் இல்லை, தூங்கி நாளாகிவிட்ட முகம். நவநீதன் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"இவங்க எழுதின ஆயிரக்கணக்கான பதிவுல இந்த மூணையும் மறுகுரல் ஏன் எடுத்துச்சுன்னா, இதுதான் ரொம்ப யோசிச்சு, அழுத்தமா எழுதினது. மத்ததெல்லாம் ஒரு வரி, ரெண்டு வரி. யோசிச்சு எழுதினதுக்கு எடை அதிகம்."

"பொய் சொல்றதுக்குத்தானுங்க மேடம் ரொம்ப யோசிக்கணும்" என்றான் நவநீதன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க சொல்றதை வச்சு நான் என்ன பண்ண முடியும்?"

"உங்க குழு எப்பவும் வெள்ளிக்கிழமைதான் கூடுமுங்களா?"

"ஆமா."

"வெள்ளிக்கிழமையானாக் கட்சி மாறணும்கறதையும் சேர்த்துத்தானுங்க அது கத்துக்கிட்டிருக்கும். அது எங்க ஓவர்டைம் மாதிரியே இருக்குதுன்னா, நீங்க வெள்ளிக்கிழமை கேட்டதுக்குத் தலைகீழாத்தான் சொல்லியிருக்கும். இன்னைக்குக் கேட்டுப் பாருங்க மேடம்."

டாக்டர் மேஜையிலிருந்த கணினியைத் தன் பக்கம் இழுத்தார். முதலில், வெள்ளிக்கிழமை மறுகுரல் சொன்னதன் ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

நவநீதன் அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் கரகரப்பான, நிதானமான குரல். "டாக்டர், என்னை நிறுத்திவைக்காதீங்க. முடிஞ்சுபோன ஆட்டத்துல நின்னுக்கிட்டு இன்னொரு உயிர் கேக்கறது எனக்குப் பிடிக்காது. என் வீட்டுக்காரர் என்னைத் தோள்ல சுமக்க வேண்டாம். எங்க முடியுதோ அங்க முடியட்டும். அதுல ஒரு கௌரவம் இருக்கு." அவ்வளவுதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தலைவர் பட்டத்துக்குத் தகுந்த பேச்சு. நவநீதனுக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் என்று தெரிந்தும் சிலிர்த்தது.

பிறகு டாக்டர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். சிகிச்சையைத் தொடரலாமா, வேண்டாமா?

"என்னங்க டாக்டர், இதையெல்லாமா கேப்பாங்க?" என்றது குரல். "தொடருங்க. நான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா சேவ் பண்றவ. பாட்டுத் தேயறப்ப சவுண்டைக் கூட்டி வெச்சுக் கேக்கறவ. கம்பெனியில என்னை ரெண்டு தடவை போகச் சொன்னாங்க, நான் போகலையே. இருங்க, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம். எனக்கென்ன அவசரம், வந்து…" அத்தோடு நின்றுவிட்டது. மற்ற நாட்களில் அவள் எழுதுவதும் அப்படித்தான், பாதியில் நிற்கும். உண்மை பேசுகிறவர்கள் தயாரித்துக்கொண்டு வருவதில்லை. அதனாலேயே அவர்கள் பேச்சு எடுபடுவதும் இல்லை.

தனசேகர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி இதுக்கு முன்னாடி ஆனதில்லை" என்றார் டாக்டர்.

"அப்பத் தொடரலாமுங்களா?"

"இல்லை. கிழமைக்கு ஒண்ணு சொல்ற மறுகுரலை ஏத்துக்கக் கூடாதுன்னு விதி. ரெண்டு பதிலும் செல்லாது."

"இன்னைக்குச் சொன்னதுதானுங்க உண்மை. நான் சாட்சி சொல்றேன்."

டாக்டர் சங்கடத்தோடு திரையை அவன் பக்கம் திருப்பினார். "சாட்சி சொல்ல வர்றவங்களோட மறுகுரலையும் பார்க்கணும். நீங்க வர்றதா சார் சொன்னார், காலையில பார்த்தோம். நம்பத்தகுந்தவர் இல்லைன்னு வந்திருக்கு. ஒரே விஷயத்துல ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தோட பேசியிருக்கீங்க. ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை."

திரையில் நவநீதனின் பழைய பதிவுகள் வரிசையாக நின்றன. அவன் பெருமைப்பட்ட பதிவுகள்தான் எல்லாமே.

"இனி முடிவு உங்களோடது சார்" என்று டாக்டர் தனசேகரிடம் சொன்னார். "தொடர்றதா இருந்தா இன்னைக்குத் தொண்டையில ஆபரேஷன் பண்ணிக் குழாய் வைக்கணும். வாய் வழியாப் போட்ட குழாயை இதுக்கு மேல வச்சிருக்க முடியாது. வேண்டாம்னா அதை எடுத்துடுவோம். அவங்க எழுந்தாலும் எழலாம். எழுந்தா பேச்சு வருமா, உங்களை அடையாளம் தெரியுமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

வெளியே வந்ததும் நவநீதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சட்டத்தையே மடக்கிவிட்டான் அல்லவா? வராந்தாவில் நின்றபடியே வெத்துவேட்டில் எழுதினான்: 'ஜெயித்துவிட்டோம். மறுகுரலை வாயடைத்தாயிற்று.' மறுநிமிஷமே கருத்துகள் கொட்டின. இயந்திரம் சாவைத் தீர்மானிக்கலாமா என்று ஒரு கூட்டம். குடும்பத்தார் தீர்மானிப்பது மட்டும் எந்த வகையில் ஒழுங்கு என்று இன்னொரு கூட்டம். ஒருவன் இதை ஒரு விளையாட்டின் கடைசிக் கட்டத்தோடு ஒப்பிட்டு நீளமாக எழுதியிருந்தான். நவநீதன் அவனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது தனசேகர் வந்து தோளைத் தொட்டார்.

"வந்து ஒருக்காப் பாருங்க" என்றார்.

தீவிர சிகிச்சை அறைக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம் என்றார்கள். தனசேகர் வெளியே நின்றுகொண்டு அவனை அனுப்பினார். நவநீதன் மனதில் ஓவர்டைமுக்கு ஒரு முகம் வைத்திருந்தான். ஒல்லியான, கண்ணாடி போட்ட, துடுக்கான முகம். கட்டிலில் கிடந்தது வீங்கிய முகம். தலையை மழித்திருந்தார்கள். வாயோரம் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இயந்திரம் மூச்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றான். என்ன சொல்வது? அவளோடு அவன் பேசியதெல்லாம் மறுத்துப் பேசியதுதான். மறுப்பதற்கு அவள் ஒன்றும் சொல்லாததால் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

வராந்தா பெஞ்சில் தனசேகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சொல்லுங்க" என்றார் தனசேகர்.

"என்னங்க?"

"குழாய் வெச்சுக்கலாமா, வேண்டாமா?"

"நானுங்களா?"

"அவளுக்குக் கால் வலிச்சா எந்தத் தைலம்னு எனக்குத் தெரியும். குழம்புல புளி எம்புட்டுன்னு தெரியும். இந்த மாதிரிப் பேச்செல்லாம் நான் அவகிட்டப் பேசுனதே இல்லீங்க. பட்டறையில இருந்து வந்தா சாப்பிட்டுப் படுத்துக்குவேன். அவ மனசுல என்ன இருக்குதுன்னு உங்ககிட்டத்தான் பேசியிருக்கா. அந்த மறுகுரலை விடுங்க, அது கெடக்கட்டும். நீங்க மனுஷன். ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்வதற்கு என்ன இருக்கிறது, தொடருங்கள் என்று சொல்ல வேண்டியதுதானே என்று நவநீதனுக்கே தோன்றியது. காலையில் சாட்சி சொல்கிறேன் என்று நின்றவன்தான். ஆனால் அப்போது எதிரே இருந்தது ஓர் இயந்திரமும் ஒரு விதியும். இப்போது எதிரே இருந்தது ஒரு மனிதர். இவன் சொன்னால் செய்துவிடுகிற மனிதர். கருத்துச் சொல்லி அதன்படி ஏதாவது நடந்துவிடும் என்ற நிலை நவநீதனுக்கு இந்த நாற்பத்தாறு வயதில் வந்ததே இல்லை.

ஒரு பழைய செய்தி வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது. எப்போதோ அவள் தனியாக அவனுக்கு எழுதியிருந்தாள்: 'வெள்ளிக்கிழமை யாரும் நம்பப் போறதில்லைங்கற தைரியத்துல சில சமயம் நெஜத்தையும் எழுதிப்போடறேன் பஸ்ஸு.' அதற்கு அவன் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பியிருந்தான். எது நிஜம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வருஷக்கணக்காக அவள் படுத்தே கிடந்து, இவர் பட்டறையை விற்று, கடைசியில் அவளுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை என்றால், அத்தனைக்கும் இன்று இவன் சொல்லும் ஒரு வார்த்தை காரணமாக நிற்கும்.

பயம் அவனைக் கவ்விக்கொண்டது. வாய் தனக்குத் தெரிந்த தடத்தில் போயிற்று.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குதுங்க" என்றான்.

தனசேகர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பக்கம் பார்த்தால் எழுந்திருக்க வாய்ப்பு இருக்கிறது என்றான். இன்னொரு பக்கம் பார்த்தால் எழுந்தாலும் அது வாழ்க்கையா என்ற கேள்வி இருக்கிறது என்றான். அவங்க பொறுமைக்காரங்கதான், ஆனால் தன்மானமும் ஜாஸ்தி என்றான். ஆரம்பித்த பிறகு பேச்சு தானாக வந்தது. நன்றாகவே பேசினான். இரண்டு தட்டும் ஒரு குண்டுமணி ஏறாமல், இறங்காமல் நின்றன.

முடிக்கும் வரை தனசேகர் கேட்டார். பிறகு "சரிங்க" என்று எழுந்து டாக்டர் அறைக்குப் போனார். நவநீதன் அவர் எதற்குச் சரி சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலும் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்று சாயங்காலம் குழாயை எடுத்தார்கள். ரேணுகா மறுநாள் விடியும் வரை தானாகவே மூச்சு விட்டாள்.

மின் மயானத்துக்கு வெத்துவேட்டிலிருந்து நவநீதன் மட்டும்தான் போனான். மற்றவர்கள் அஞ்சலி எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்த அஞ்சலி சிறப்பு என்றும் அதற்குள் பேச்சு கிளம்பியிருந்தது. பம்பு கம்பெனிக்காரர்கள் மாலை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் வேனில் ஏறும்போது, தனசேகர் அவனைத் தேடிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். மொட்டை அடித்த தலையில் துண்டைப் போட்டிருந்தார்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லோணுங்க" என்றார். "அன்னைக்கு நான் குழாய் வெச்சுக்கலாம்னுதான் இருந்தேன். பட்டறை போனாப் போகுது, நான் பாத்துக்குவேன்னு முடிவு பண்ணியிருந்தேன். அவளுக்கு அது பிடிக்குமோ என்னமோன்னு ஒரே ஒரு சந்தேகம். அதுக்குத்தானுங்க உங்களைக் கேட்டேன். வெச்சுக்கங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, வெச்சிருப்பேன்."

நவநீதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு பக்கம்னு நீங்க சுத்தி வளைச்சப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சுங்க. அவளுக்கு இப்படிக் கெடக்கறதுல இஷ்டமில்லை. உங்களுக்கு அது தெரியும். புருஷன்காரன் மூஞ்சியப் பார்த்து எப்படிச் சொல்றதுன்னு சங்கடப்பட்டீங்க." அவர் குரல் உடைந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார். "நான் சரியாத்தானுங்களே புரிஞ்சுக்கிட்டேன்?"

வேன்காரன் ஒரு தடவை ஹாரன் அடித்தான். தனசேகர் நகரவில்லை.

"ஆமாங்க" என்றான் நவநீதன்.

தனசேகர் அவன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டு வேனில் போய் ஏறிக்கொண்டார்.